ஒருமுறை தட்டினால் ஆம்

மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, புதன்கிழமை, பிற்பகல் ஒன்று ஐம்பது. என் புகார் இதுதான்: ஒருவரைக் காணவில்லை என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் கேட்பதற்காகக் காவல் நிலையத்தில் அச்சிட்ட படிவம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதில் பதினொரு கேள்விகள். பதினொன்றுக்கும் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டே கட்டங்கள். 'என்ன நடந்தது?' என்று கேட்க அதில் ஒரு வரிகூட இல்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் வினாத்தாள் தயாரித்தவன் நான். 'சரியா, தவறா' என்று கேட்கும் வினாவுக்கு ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் நான் ஒதுக்கியதே இல்லை. இவர்கள் அதற்கு ஓர் உயிரை ஒதுக்கியிருந்தார்கள்.

படிவத்தின் நகல் என் மேசைமேல் கிடந்தது. எதிரே ஒரு தையல்காரப் பெண். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்கக்கூடத் தோன்றாமல் ஓடி வந்திருந்தார். அவருடைய கணவர் ஊருக்கு வெளியே உள்ள குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக். நேற்றுக் காலையில் வேலைக்குப் போனவர் இன்னும் வீடு திரும்பவில்லை.

என் உதவியாளர் படிவத்தை எடுத்து உரக்கப் படித்தார். நீதிமன்றத்தில் இருபது ஆண்டுகள் தட்டச்சராக இருந்து, விருப்ப ஓய்வு பெற்று, நான் ஓய்வுக்குப் பின் தொடங்கிய இந்தத் துப்பறியும் அலுவலகத்தில் சேர்ந்தவர். அவருக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது நான் அல்ல, ஒரு நீதிபதி.

"'கணவன் மனைவிக்கிடையே சண்டை நடந்ததா? ஆம். இதற்குமுன் சொல்லாமல் எங்கேனும் சென்றதுண்டா? ஆம். பணியிடத்திலிருந்து வெளியேறினாரா? ஆம். வாகனம் பணியிட வளாகத்துக்குள் உள்ளதா? இல்லை. கைபேசி அணைந்துள்ளதா? ஆம்.' அடியில முத்திரை: 'சுயவிருப்பத்தின் பேரில் சென்றுள்ளார்.' சார், ஆமா இல்லைன்னு மட்டும் சொல்லுன்னு மிரட்டற வக்கீலை நான் ஆயிரம் பேர் பாத்திருக்கேன். அவங்களுக்காவது எதிர்ல இன்னொரு வக்கீல் எந்திரிச்சு நிப்பாரு. இந்தக் காகிதத்துக்கு அதுவும் இல்ல."

"நான் சொன்னதுல ஒண்ணும் பொய் இல்லீங்க ஐயா" என்றார் தையல்காரப் பெண். "எல்லாம் நிஜம். கிடங்குல கேட்டும் எழுதிக்கிட்டாங்க. ஆனா இப்ப அதைப் படிச்சா, அவர் எங்களை விட்டுட்டு ஓடிட்டாருன்னு எனக்கே தோணுது."

அளவு நாடாவின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுவதற்கு நேரமில்லை என்பதுபோல் உடனே நிமிர்ந்துகொண்டார்.

"முன்னாடி ஒரு தடவை சொல்லாம போனாரே, எதுக்காகப் போனாரு?" என்று கேட்டேன்.

"நான் பிரசவத்துல இருந்தப்போ ரத்தம் குடுக்கப் போனாரு. சொன்னா நான் பயந்துக்குவேன்னு சொல்லாம போனாரு."

ரேடியோ படிவத்தை மேசைமேல் போட்டார். சத்தம் வரும்படியே போட்டார்.

"சண்டை எதைப் பத்தி?"

"ஸ்வெட்டருங்க."

"மார்ச் மாசத்துலயா?" என்றார் ரேடியோ. "எனக்கு மின்விசிறியோடதான் சண்டை."

"அவருக்கு வேலையே குளிருக்குள்ளதானே அக்கா. ஜிப் போயிடுச்சுன்னு ஒரு வாரமா ஸ்வெட்டர் இல்லாமலே போயிட்டிருந்தாரு. ராத்திரி உக்காந்து புது ஜிப் வெச்சேன். காலைல எடுத்துக்கோங்கன்னா, 'இன்னைக்கு உள்ள வேலை இல்ல, விடு'ன்னாரு. நான் கத்தினேன். அவரும் கத்தினாரு. கடைசில நானே பைக் பெட்டிக்குள்ள திணிச்சு அனுப்பினேன். அதுதாங்க சண்டை."

ஓடிப்போகத் தீர்மானித்த மனிதன் ஸ்வெட்டருக்காகச் சண்டை போடமாட்டான். நான் குடையை எடுத்துக்கொண்டேன்.

கிடங்கை அடைந்தபோது மணி இரண்டு இருபது. சன்னலே இல்லாத வெள்ளைத் தகரக் கட்டடம். நீண்ட மதில், ஒரே வாயில். ரேடியோ தம் ஸ்கூட்டரை மதிலோரம் நிறுத்தினார். பின்னாலேயே ஆட்டோவில் வந்து இறங்கிய தையல்காரப் பெண் மதிலின் கோடியைப் பார்த்து, "அது அவர் வண்டி!" என்றார்.

மர நிழலில், மேலெல்லாம் சருகு விழுந்து ஒரு பைக் நின்றிருந்தது. வளாகத்துக்குள் இல்லை என்பது உண்மை. வளாகத்துக்கு வெளியே நாற்பது அடியில் இருந்தது என்பதும் உண்மை. முதல் உண்மைக்குத்தான் படிவத்தில் கட்டம் இருந்தது.

பெட்டி பூட்டப்படவில்லை. உள்ளே மின்னூட்டம் தீர்ந்துபோன கைபேசி. ஸ்வெட்டர் இல்லை.

வாயிலில் நாற்காலியில் இருந்த காவலாளியிடம் விரைந்தேன். "நேத்து சாயங்காலம் மெக்கானிக் வெளியே வந்தாரா?"

"வந்தாருங்க. அஞ்சு நாப்பதுக்கு."

"பைக் பெட்டியைத் திறந்தாரா?"

"திறந்தாருங்க."

"ஸ்வெட்டரை எடுத்தாரா?"

"ஆமாங்க."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வண்டியையும் கைபேசியையும் விட்டுவிட்டு, ஸ்வெட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர் எங்கே போவார்? குளிர் பிரதேசத்துக்கு. "பேருந்து நிலையத்துக்குப் போகணும்" என்றேன். தையல்காரப் பெண்ணின் முகத்தில் மிச்சமிருந்த கொஞ்ச நிறமும் வடிந்தது.

ரேடியோ அசையவில்லை.

"சார், கோபப்படாதீங்க. பதினோரு கேள்விப் படிவத்துக்கு நீங்க இன்னும் மூணு கேள்வி சேத்திருக்கீங்க. அவ்வளவுதான்."

பிறகு அவர் காவலாளியின் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். "அண்ணே, நேத்து சாயங்காலம் அவரைப் பாத்ததுலேர்ந்து என்னென்ன நடந்துச்சோ, சும்மா சொல்லுங்க."

காவலாளி இத்தகைய கேள்வியை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்தார்.

"வெளிய வந்தாரு. பெட்டியைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்து மாட்டினாரு. 'வீட்டுல ஜெயிச்சுட்டாங்கண்ணே, கடைசி நேரத்துல உள்ள ஒரு வேலை வந்துடுச்சு'ன்னு சிரிச்சாரு. திரும்ப உள்ள போனாரு."

"திரும்ப உள்ளயா?" தையல்காரப் பெண் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்தார். "அப்புறம்?"

"ஆறு மணிக்கு என் வேலை முடிஞ்சுதும்மா. நான் கிளம்பிட்டேன்."

"இதை ஏன்யா போலீஸ்ல சொல்லல?" என்று நான் கத்தினேன்.

"வெளிய போனாரான்னுதான் ஐயா கேட்டாங்க. போனாரு. அதை நோட்டுலயும் எழுதியிருக்கேன். சாயங்காலம் திரும்ப உள்ள வர்றவங்களை எழுத நோட்டே கிடையாதுங்க."

பேருந்து நிலையத்துக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுத என் கை இப்போதும் தயங்குகிறது. அந்தத் தவறு என்னுடையது, படிவத்தினுடையது அல்ல.

உள்ளே ஓடினோம். கிடங்கின் மேற்பார்வையாளர் இடைகழியில் நின்றிருந்தார். வலப்பக்கம் வரிசையாகப் பெரிய இரும்புக் கதவுகள். ஒவ்வொன்றின்மேலும் ஓர் எண். அவர் கையில் அட்டையில் செருகிய தாள் ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உள்ளே யாரும் இல்ல சார். காலைலயே இந்த அம்மாகிட்ட சொன்னேன். ஒவ்வொரு அறையும் பாத்தாச்சு."

"பாத்தீங்களா?" என்றார் ரேடியோ.

"பாத்தேன்."

"காலியா?"

"காலி. டிக் போட்டிருக்கேன்." தாளை நீட்டினார். "ஆறு மணிக்குச் சரக்கு லாரி வருது. நாலாம் நம்பர் அறை அஞ்சு நாளா நிறுத்தி வெச்சிருந்து, இன்னைக்குப் பன்னெண்டு மணிக்குத்தான் ஓட விட்டிருக்கோம். லாரி வர்றதுக்குள்ள மைனஸ் பதினெட்டுக்கு வரணும். தயவுசெஞ்சு வழி விடுங்க."

நான்காம் கதவருகே வெப்பமானி ஒளிர்ந்தது. மைனஸ் ஏழு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மைனஸ் எட்டாயிற்று. நிறுத்தி வைத்திருக்கும் அறையில்தானே மெக்கானிக்குக்கு வேலை இருக்கும்?

மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டேன். வகுப்பில் மிக மோசமான விடைத்தாளைத் திருத்துவதற்கு முன் அப்படித்தான் செய்வேன். "ஐயா, நேத்து சாயங்காலம் அந்த அறையை நீங்க பூட்டினீங்களே, அதை முதல் அடியிலேர்ந்து சொல்லுங்க. நான் குறுக்க பேசமாட்டேன்."

"எதுக்கு சார்? தாள்லயே..."

"தாளை இவங்ககிட்ட குடுங்க. நீங்க சொல்லுங்க."

ரேடியோ தாளை வாங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். தாள் இல்லாத கையை என்ன செய்வதென்று தெரியாமல் மேற்பார்வையாளர் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"ஆறேகால் மணிக்கு வந்தேன். கதவைத் திறந்தேன். உள்ள விளக்கு எரிஞ்சிட்டிருந்துச்சு, அணைச்சேன். டார்ச் அடிச்சுப் பாத்தேன், யாரும் இல்ல. தரையில தண்ணி இல்ல. அப்புறம் பின்சுவத்துல இருக்கற சின்னக் கதவு..." நிறுத்தினார்.

நான் பேசவில்லை. ரேடியோவும் பேசவில்லை, அவரைப் பொறுத்தவரை அது சாதனை.

"சின்னக் கதவு திறந்திருந்துச்சு. தாள்ல 'பின்கதவு மூடியுள்ளதா?'ன்னு இருக்கும். திறந்திருந்தா 'இல்லை'ன்னு போடணும். 'இல்லை'ன்னு ஒண்ணு வந்தாலும் தாள் மேல போகாது. அதனால கதவை மூடிக் கொண்டியைப் போட்டுட்டு, 'ஆம்'னு..."

அவர் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

"அந்தக் கதவுக்குப் பின்னாடி என்ன இருக்கு?" என்று தையல்காரப் பெண் கேட்டார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"விசிறிங்களும் குழாயும் இருக்கற சந்தும்மா. குளிர் அங்கிருந்துதான் வரும். கொண்டி போட்டுட்டா உள்ள கத்தறது வெளிய கேக்காது."

எரியும் விளக்கு, திறந்த கதவு. 'ஏன் திறந்திருக்கிறது?' என்ற ஒரு கேள்வியை அந்தத் தாள் கேட்கவில்லை. ஆகவே அந்த மனிதரும் கேட்கவில்லை.

"நிறுத்துங்கய்யா மெஷினை!" ரேடியோவின் குரலுக்கு அந்தக் கட்டடமே அதிர்ந்தது. மேற்பார்வையாளர் ஓடினார். இரைச்சல் அடங்கியது.

நான்காம் அறைக்குள் நுழைந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. பின்சுவரின் கொண்டியை நீக்கிச் சின்னக் கதவைத் திறந்தோம். ஓர் ஆள் குனிந்து போகும் அகலத்தில் இருட்டுச் சந்து. நான்கடி தூரத்தில் ஒரு தகரத் தடுப்பு. அதில், தள்ளினால் திறக்கும் ஒரு தகர மடிப்பு. மேற்பார்வையாளர் அதைத் தோளால் இடித்தார். அசையவில்லை.

"எட்டுத் தடுப்பு சார். எட்டு விசிறிக்கு எட்டு அறை மாதிரி. நேத்து எல்லாம் பனி உருகி ஈரமா இருந்திருக்கும். மடிப்பைத் தள்ளிக்கிட்டு வேற வழி தேடிப் போயிருப்பாரு. பகல்ல மெஷின் போட்டதும் ஈரமெல்லாம் உறைஞ்சு ஒட்டிக்கிச்சு."

"வேற பக்கத்துலேர்ந்து போக முடியாதா?"

"பின் இடைகழியில ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாத் தகடு இருக்கு. ஒரு தகட்டுக்கு நாப்பது ஸ்க்ரூ. எல்லாம் துரு. கழட்ட அரை மணியாவது ஆகும். எட்டையும் கழட்டணும்னா..." அவர் கணக்கைச் சொல்லி முடிக்கவில்லை.

தையல்காரப் பெண் இருட்டுக்குள் முகத்தை நுழைத்துக் கணவரை அழைத்தார். உறவைச் சொல்லி அழைத்தார், பெயரைச் சொல்லி அழைத்தார், பிள்ளையின் பெயரைச் சொல்லி அழைத்தார்.

எங்கோ இரும்புக் குழாயில் ஒரு சத்தம். டங்.

நான் அவரை விலக்கிக்கொண்டு முன்னால் பாய்ந்தேன். "எங்க இருக்கீங்க? என்ன ஆச்சு? எப்படி இருக்கீங்க?"

டங். டங் டங். டங் டங் டங் டங். பிறகு மௌனம்.

"என்ன சொல்றாரு?" என்றேன்.

ரேடியோ என் தோளைப் பிடித்து இழுத்தார். கண்ணில் நீர் இருந்தது, குரலில் இல்லை. "சார், ராத்திரி முழுக்கக் கத்தித் தொண்டை போயிருக்கும். அவரால தட்டத்தான் முடியும். நீங்க கட்டுரை எழுதச் சொல்றீங்க. ஒரு மார்க் கேள்வி கேளுங்க சார்!"

பதினொரு கேள்விப் படிவத்தைக் கிழித்தெறியக் கிளம்பிய என்னை அந்த ஒரு வாக்கியம் மண்டியிட வைத்தது. உண்மையாகவே மண்டியிட்டேன், அந்தக் கதவு அவ்வளவு தாழ்வு.

"கேளுங்க! ஆமான்னா ஒரு தடவை தட்டுங்க. இல்லைன்னா ரெண்டு தடவை. நான் சொல்றது கேக்குதா?"

டங்.

இருந்தாலும் அவருக்கு நினைவு தெளிவாக இருக்கிறதா என்பது தெரியவேண்டும். தையல்காரப் பெண்ணிடம் சைகை காட்டினேன். அவர் புரிந்துகொண்டார். "நமக்கு மூணு பிள்ளைங்களா?"

டங் டங்.

"ஒரே பொண்ணுதாங்க" என்று என்னிடம் சொன்னார். அந்த 'இல்லை'யைக் கேட்டு அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் வேறெந்த 'ஆம்'க்கும் கண்டதில்லை.

குழாய் எட்டுத் தடுப்புகளையும் ஊடுருவிச் செல்வதால், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதால் சொல்ல இயலாது. ஒவ்வொன்றாகக் கேட்டால் எட்டுக் கேள்வி. அத்தனை முறை தட்டும் வலு அவருக்கு இருக்குமா? பாதியாக வெட்டி வெட்டிக் கேட்டால் மூன்றே கேள்வி.

"நீங்க எண்ணிக்கிட்டுப் போயிருப்பீங்க. நாலாவது விசிறியைத் தாண்டிட்டீங்களா?"

டங்.

"ஆறாவதைத் தாண்டிட்டீங்களா?"

டங்.

மேற்பார்வையாளர் எழுந்தார். "அப்ப ஏழு இல்ல எட்டு! நான் போய்..."

"நில்லுங்க" என்றார் ரேடியோ.

காத்திருந்தோம். என் கைக்கடிகாரத்தின் நொடிமுள் பாதி வட்டம் நகர்ந்தது. பிறகு, கேட்டதா கேட்கவில்லையா என்று ஐயப்படும் அளவுக்கு மெல்லிய இன்னொரு தட்டு.

ஒன்றா? இரண்டா? விறைத்த கை தாமதமாக முடித்த 'இல்லை'யா? அல்லது ஓர் 'ஆம்', அதன்பின் கருவி நழுவி விழுந்த ஓசையா? தவறான தகட்டைக் கழற்றினால் அரை மணி நேரம் போகும். அவரிடம் அந்த அரை மணி இல்லை.

கேள்வியைத் திருப்பிப் போட்டேன். "அஞ்சு, ஆறு, இந்த ரெண்டுல ஒண்ணுலதான் இருக்கீங்களா?"

டங்.

ஒன்று. மறுபடியும் அரை வட்டம் காத்தோம். அதன்பின் எதுவும் வரவில்லை.

"கடைசிக் கேள்வி. அஞ்சா?"

ஒன்றும் இல்லை.

"அஞ்சாங்க?" என்று தையல்காரப் பெண் கேட்டார். "இன்னும் ஒரே ஒரு பதிலுங்க. நான் வெச்ச புது ஜிப்பை மேல இழுத்தீங்களே, அந்தக் கையால தட்டுங்க. அஞ்சா?"

டங்.

நெடுநேரம் கழித்து, டங்.

"ஆறு!" என்று நால்வரும் ஒரே குரலில் கத்தினோம்.

நாற்பது திருகுகள். மேற்பார்வையாளர் மேலிருந்து தொடங்கினார், சத்தம் கேட்டு வாயிலிலிருந்து ஓடி வந்த காவலாளி கீழிருந்து. பன்னிரண்டாவது திருகில் மேற்பார்வையாளரின் உள்ளங்கை கிழிந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. ரேடியோ ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லிக்கொண்டே கழன்ற திருகுகளை எண்ணினார். தையல்காரப் பெண் தகட்டில் வாயை வைத்து விடாமல் பேசிக்கொண்டிருந்தார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பதில் வராமல் போய்விடுமோ என்ற பயம்.

மணி மூன்று இருபத்தேழு. தகடு விழுந்தது.

அவர் குழாயைக் கட்டிக்கொண்டு சுருண்டிருந்தார். புருவத்தில் பனி. கையில் ஸ்பானர் விரல்களோடு ஒட்டிப்போயிருந்தது. ஸ்வெட்டரின் ஜிப் கழுத்துவரை ஏற்றப்பட்டிருந்தது. அது மட்டும் பழைய ஜிப்பாக இருந்து, பாதியில் நின்றுபோயிருந்தால், நான் இந்த அத்தியாயத்தை வேறு மாதிரி முடிக்க நேர்ந்திருக்கும்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது மனைவி அவருடைய உள்ளங்கையைத் தம் கைக்குள் வைத்துக்கொண்டார். "நான் பேசறது கேக்குதா?"

அவருடைய சுட்டுவிரல் ஒருமுறை அசைந்தது.

மேற்பார்வையாளர் கிழிந்த கையோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். ரேடியோ தாளை அவரிடம் திருப்பிக் கொடுத்தார். குத்தலாக ஏதேனும் சொல்வார் என்று நினைத்தேன். "கையைக் கழுவுங்க அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார்.

"அடுத்து என்ன சார்?"

"காவல் நிலையம். அந்த முத்திரையை அடிச்சவரோட பேசணும்."

"என்ன கேக்கப் போறீங்க?"

"இன்னொரு தடவை அந்தப் படிவத்தை நீட்டுவீங்களா மாட்டீங்களான்னு."

"ஆமா இல்லைன்னு பதில் வர்ற கேள்வி சார் அது" என்றார் ரேடியோ, ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே.

மெக்கானிக்கின் தொண்டை சரியாக ஒரு வாரம் ஆகும் என்று மருத்துவர் சொன்னார். அதுவரை அவரிடம் ஆம், இல்லை என்று விடை சொல்லும் கேள்விகளையே கேட்டோம். பேச்சு வந்த நாளில் அவர் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவர் ஒரு மணி நேரம் பேசினார்.

வாசகரே, நீங்கள் வேலை செய்யும் இடத்திலும் அச்சிட்ட தாள் ஒன்று இருக்கும். கட்டங்கள் இருக்கும், யாரோ ஒருவர் நாள்தோறும் அவற்றில் குறியிடுவார். இன்றே அதை எடுங்கள். அடியில் அளவுகோலை வைத்து மூன்று கோடுகள் போடுங்கள். கோடுகளுக்கு மேலே, பிழையில்லாமல், 'என்ன நடந்தது?' என்று எழுதுங்கள். கோடு போட்டுவிட்டீர்களா என்று நான் கேட்கமாட்டேன். 'ஆம்' என்று சொல்லித் தப்பித்துவிடுவீர்கள். போட்டபின் என்ன ஆயிற்று என்பதை முதலிலிருந்து எனக்குச் சொல்லுங்கள். நான் குறுக்கே பேசமாட்டேன்.